சாட்சி நாற்காலியில் ஒரு குடிகாரி

பிப்ரவரி 3, திங்கள்

இன்று பங்கு பிரித்தார்கள். ஆங்கிலக் கொச்சைச் சொல் அகராதியில் இன்னும் எழுத வேண்டியவை மூன்றே பகுதிகள்: காதல், சூதாட்டம், குடி. நூலகர் முந்திக்கொண்டு காதலை எடுத்துக்கொண்டார். மெய்ப்பு பார்க்கும் அம்மாள் சூதாட்டத்தை எடுத்துக்கொண்டு, இதுவே தனக்குப் பெரிய பாவம் என்று முகத்தைச் சுளித்தார். மிச்சம் என் தலையில் விழுந்தது.

கமா சாரிடம் வேறு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஆனால் காரணம் கேட்பார். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர் அவர். சொந்தப் பெயருக்கு நடுவிலேயே கமா போடுகிறவர் என்பதால் அந்தப் பட்டம். பேச்சிலும் அப்படித்தான், இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். அவரிடம் என் வீட்டுக் கதையைச் சொல்வதைவிடக் குடியை எழுதுவது சுலபம்.

பிப்ரவரி 4

தம்பி இன்று ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் பழுது பார்த்துவிட்டு வந்தான். வாசலில் நின்று, நான் கேட்பதற்கு முன்பே என் முகத்துக்கு நேராக "ஹா" என்று ஊதினான். சினிமாக் கொட்டகையில் டிக்கெட்டைக் காட்டுவது மாதிரி தினமும் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறான். சிகிச்சை முடிந்து என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். நான் கேட்டுக்கொண்டது இல்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை.

இருமல் மருந்து, வாசனைத் திரவியம், வினிகர், எல்லாவற்றையும் வீட்டைவிட்டு எப்போதோ வெளியேற்றிவிட்டேன். அவன் துண்டை மோந்து பார்த்துவிட்டுத்தான் துவைக்கப் போடுகிறேன். இப்போது என் கைப்பையில் குடியின் நூற்றுக்கணக்கான பெயர்கள். கடத்தல்காரி மாதிரி பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன்.

பிப்ரவரி 6

'ஹாமர்ட்': சுத்தியலால் அடிபட்டவன். 'பிளாஸ்டர்ட்': சுவரில் பூசப்பட்டவன். 'ஸ்டியூட்': வேகவைக்கப்பட்டவன். 'பிக்கில்ட்': ஊறப்போட்டவன். ஒரு கொத்தனாரும் ஒரு சமையல்காரரும் சேர்ந்து உட்கார்ந்து இந்த மொழியைச் செய்திருப்பார்கள் போல.

பிப்ரவரி 10

ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், வேலை பிடித்துவிட்டது. 'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்' என்றால் தலைகால் தெரியாத போதை. மூன்று படுக்கை விரிப்புகள் காற்றில் பறக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விரிப்பே இல்லை. பாய்மரப் பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குக் கப்பல்காரர்கள் வைத்த பெயர் அது. மூன்று கயிறும் அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும்.

'ஹேர் ஆஃப் தி டாக்' இன்னும் மோசம். நாய் கடித்தால் அதே நாயின் முடியைக் காயத்தில் வைத்தால் ஆறும் என்று ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள். இரவு குடித்ததன் தலைவலிக்குக் காலையில் மறுபடி ஒரு வாய் குடிப்பதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 'கிராக்' என்ற சொல், 'கிராக்ரம்' என்ற முரட்டுத் துணியில் அங்கி போட்டுத் திரிந்த ஒரு கடற்படைத் தளபதியால் வந்தது. மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் கலக்கச் சொன்னார். அவர்கள் அந்தத் தண்ணிச் சரக்குக்கு அவருடைய அங்கியின் பெயரையே வைத்துப் பழிதீர்த்துக்கொண்டார்கள். தம்பியிடம் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். சொல்லவா முடியும்.

பிப்ரவரி 13

நினைத்தபடியே சாட்சி விதி வந்து நிற்கிறது.

கமா சார் இளம் வயதில் போட்ட முதல் அகராதியில், பனியில் சறுக்கி விளையாடுவதை 'மலைப்பகுதியில் பலகை சுமக்கும் கூலிவேலை' என்று விளக்கியிருந்தார். பனியையே பார்த்திராதவர். பத்திரிகைக்காரர்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் அனுபவித்தவர் ஒருவர் சாட்சி சொல்லாமல் எந்தச் சொல்லும் அச்சுக்குப் போகாது. ஜன்னலோரம் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்று இதற்கென்றே கிடக்கிறது. கடல் குமட்டல் பற்றிய சொற்களுக்கு ஆள் கிடைக்காமல் போனபோது எங்கள் எல்லோரையும் படகில் ஏற்றினார். அந்தப் பக்கத்தில் இன்றுவரை ஒரு பிழை இல்லை.

இன்று கூட்டத்தில் குடிக்குச் சாட்சி யார் என்று கேட்டார். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. தன் குடும்பத்தில் அந்த வாடையே கிடையாது என்றார் நூலகர். போன வருடம் ஓய்வு விருந்தில் மேசைக்கு அடியிலிருந்து அவரை நான்கு பேர் தூக்கி எடுத்தோம். கமா சாரோ, தான் ஒருமுறை மட்டும், அதுவும், தவறுதலாக, மோந்து பார்த்திருப்பதாகச் சொன்னார்.

பிப்ரவரி 17

மாட்டிக்கொண்டேன்.

மெய்ப்பு அம்மாள் என் விளக்கங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கமா சாரின் அறைக்குப் போனார். என்னைக் கூப்பிட்டார்கள். 'டைட்' என்ற சொல்லுக்கு, "தான் நிதானமாக இருப்பதாகக் காட்ட ஒவ்வொரு சொல்லையும் கழுவி வைத்ததுபோல் உச்சரிக்கும் நிலை" என்று எழுதியிருந்தேன். 'லெக்லெஸ்' என்பதற்கு, "செருப்பைக் கழற்றுவதற்காக உட்கார்ந்தவன் அங்கேயே தூங்கிவிடும் நிலை" என்று.

"இது, எந்த, புத்தகத்துல இருக்கு?" என்றார் கமா சார்.

எந்தப் புத்தகத்திலும் இல்லை. மேசைமேல் கிடந்த என் தாள்களையே பார்த்தேன். மெய்ப்பு அம்மாள் என் முதுகைத் தடவி, "எங்களுக்குப் புரியுது" என்றார். என்ன புரிந்தது என்று எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. மறுக்கலாம். மறுத்தால், பிறகு யாரைப் பார்த்து எழுதினாய் என்று கேட்பார்கள். தம்பியை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். எல்லாவற்றையும் மறுபடி சொல்லச் சொல்வார்கள், சொல்லச் சொல்ல அவனுக்கு நாக்கு ஊறும். வேண்டாம்.

"கொஞ்ச நாளா விட்டுட்டேன் சார்," என்றேன்.

கமா சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எழுந்து வந்து கை குலுக்கினார்.

பிப்ரவரி 18

வாழ்க்கையில் ஒரு சொட்டு தொட்டதில்லை. இன்று மதியம் முழுக்க சாட்சி நாற்காலியில் உட்கார்ந்து குடிகாரியாக வாக்குமூலம் கொடுத்தேன்.

முதலில் உளறினேன். எது பிடிக்கும் என்று நூலகர் கேட்டதற்கு 'எல்லாம்' என்றேன். தண்ணீர் கலப்பேனா, சோடாவா என்று கேட்டார். வெந்நீர் என்றேன். அவர் கண்ணில் சந்தேகம் தெரிந்தது. இதெல்லாம் தெரிந்த ஆள் இல்லையா. பிறகு 'ஹேங்ஓவர்' வந்தது. மறுநாள் காலை எப்படி இருக்கும் என்று கமா சார் கேட்டார். அதற்கு நான் யோசிக்கவே இல்லை.

"யார்கிட்ட மன்னிப்பு கேக்கணும்னு ஞாபகம் இருக்காது சார். அதனால எல்லார்கிட்டயும் கேப்பேன். பேப்பர் போடறவர்கிட்டகூட கேட்டிருக்கேன்."

மெய்ப்பு அம்மாள் மூக்கைச் சிந்தினார். நூலகர் சந்தேகப்படுவதை விட்டுவிட்டார். அவன் அந்தப் பேப்பர்காரரிடம் கை கூப்பி நின்ற காலையில் நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

பிப்ரவரி 20

அலுவலகத்தில் ராஜ மரியாதை. யாரும் என்னிடம் உரக்கப் பேசுவதில்லை. மெய்ப்பு அம்மாள் தினமும் காலையில் ஏதோ சாக்கு வைத்துக்கொண்டு என் முகத்தருகே குனிகிறார். மூக்கு விடைப்பது நன்றாகத் தெரிகிறது. கழிவறைக்குப் போய்ச் சற்றுத் தாமதமானால் கதவைத் தட்டுகிறார். மேசையிலிருந்த ஒட்டும் பசை பாட்டிலைக்கூட எடுத்து ஒளித்துவைத்திருக்கிறார்.

இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று தெரியாது. நான் என்ன பச்சைக் குழந்தையா?

பிப்ரவரி 24

மெய்ப்பு அம்மாள் வீட்டுக்கு வந்துவிட்டார். பை நிறைய ஆரஞ்சுப் பழங்கள். நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உங்க அக்காவை நீங்கதான் பாத்துக்கணும், தனியா விடாதீங்க, வீட்ல பாட்டில் எதுவும் வெக்காதீங்க என்று புத்திமதி சொல்லிக்கொண்டிருக்கிறார். அவனும் பணிவாகத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறான். விட்டுட முடியும்னு நம்பிக்கை இருந்தா விட்டுடலாங்க, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் விட்டிருக்கார் என்று வேறு ஆறுதல் சொன்னான்.

அவர் படி இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சோபாவிலிருந்து கீழே சரிந்துபோய்ச் சிரித்தான். நானும் சிரித்தேன். எவ்வளவு காலமாயிற்று அப்படிச் சிரித்து. சட்டென்று நிறுத்திவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"என்னைத் தம்பின்னு சொல்றதைவிட உன்னைக் குடிகாரின்னு சொல்லிக்கறது உனக்குச் சுலபமா இருந்துச்சாக்கா?"

உனக்காகத்தானேடா என்றேன். ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

பிப்ரவரி 25

அவனுக்காகவா? எனக்காகவா? ரெண்டும்தான். ரெண்டும்னா எது அதிகம்? — தெரியலை. எழுத வேண்டாம்.

பிப்ரவரி 27

காலை பதினொரு மணி வாக்கில் தம்பி அலுவலகத்துக்கே வந்துவிட்டான். துவைத்த சட்டை, சீவிய தலை. நேரே கமா சார் முன்னால் போய் நின்று, அக்கா குடித்ததே இல்லை, குடித்தது தான்தான், என்ன கேட்க வேண்டுமோ தன்னிடம் கேட்கலாம் என்று சொன்னான். நூலகர் சோடாவா தண்ணீரா என்றார். தம்பி சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். நாற்காலியைத் தன் கைக்குட்டையால் துடைத்துக்கொடுத்தார்.

என் மேல் யாருக்கும் கோபம் இல்லை. மெய்ப்பு அம்மாளுக்கு மட்டும் லேசான ஏமாற்றம். என்னைக் காப்பாற்றும் வேலை பாதியில் நின்றுபோயிற்றே. பசை பாட்டில் மேசைக்கு வந்துவிட்டது.

மார்ச் 3, திங்கள்

சிரிப்பதா அழுவதா என்று தெரியாத நாள்.

இன்றைக்குப் போதையின் படிநிலைகள். 'டிப்ஸி' முதலிலா 'மெர்ரி' முதலிலா என்று இரண்டு நாளாகச் சண்டை. சாய்வதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது 'டிப்ஸி'. ஆகவே எத்தனை சாய்வு என்று தெரிய வேண்டும் என்றார் கமா சார். தம்பி உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிக்கொடுத்தான்: தலை மட்டும் போனால் 'மெர்ரி', தோளும் சேர்ந்து போனால் 'டிப்ஸி'. கமா சார் உடனே எழுந்து தோளைச் சாய்த்து நடந்தார். சரியில்லை, இன்னும் முழங்கால் தளரணும் என்றான். நூலகர் 'ஹாமர்ட்' தனக்கு வரும் என்று முன்வந்தார். வந்தது, அப்பட்டமாக வந்தது. நினைவே தப்பிய போதைக்குச் சொல்லும் 'பிளாட்டோ' அனேகமாக மை ஒற்றும் தாளிலிருந்து வந்திருக்கலாம் என்று நான் வாசித்தேன். மெய்ப்பு அம்மாள் தாள் மாதிரி மேசைமேல் கவிழ்ந்து படுத்துக்காட்டினார். தட்டச்சு செய்யும் பெண் பீரோவைப் பிடித்துக்கொண்டு 'லெக்லெஸ்' ஆகிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, அகராதிக்குப் பணம் தரும் அறக்கட்டளையிலிருந்து அதிகாரி ஆய்வுக்கு வந்து கதவைத் திறந்தார்.

அறை முழுக்கத் தள்ளாட்டம். ஜன்னலோரம் ஒருவன் மட்டும் முதுகை நிமிர்த்தி, மடியில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான். அதிகாரி கீழே கிடந்த நூலகரைத் தாண்டிக்கொண்டு நேரே அவனிடம் போனார்.

"நீங்கதான் இங்க பொறுப்புங்களா?"

"இல்லீங்க," என்றான் தம்பி. "நான் குடிகாரன்."

கமா சார் விளக்கம் சொல்ல ஓடினார். அவசரத்தில் முழங்காலை நேராக்க மறந்துவிட்டார். அதிகாரி ஆளாளுக்கு முகத்தருகே வந்து மோப்பம் பிடித்தார். எங்கள் எல்லோரிடமும் காலைக் காப்பி வாசனைதான். அதற்குப் பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஒன்றுமே குடிக்காமல் இப்படியா என்று கேட்டுவிட்டு இன்னும் பயந்துபோய்க் கிளம்பிவிட்டார்.

மார்ச் 5

கடைசிச் சொல். 'ஆன் தி வேகன்': குடியை விட்டிருப்பவன். தெருப்புழுதி அடங்குவதற்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போகும் வண்டி ஒன்று முன்பு உண்டு. குடிக்க மாட்டேன் என்று முடிவெடுத்தவனை அந்த வண்டியில் ஏறிவிட்டவன் என்பார்கள். இனி அவனுக்குத் தண்ணீர்தான் என்று அர்த்தம். மறுபடி குடித்தால் வண்டியிலிருந்து விழுந்தான்.

இதை வாசிக்கும்போது என் குரல் பெருமையில் கொஞ்சம் உயர்ந்திருக்கும். மற்றதற்கெல்லாம் சாட்சி சொன்னவன் இதற்குச் சொல்லாமலா? எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

"இதுக்கு என்னால சாட்சி சொல்ல முடியாது சார். நான் குடிக்காம இருக்கேனா, இல்ல அக்கா என்னைக் குடிக்க விடாம வெச்சிருக்காளான்னு எனக்கே தெரியல. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

கமா சார் பேனாவை மூடிவைத்தார். எவ்வளவு நாளானாலும், காத்திருப்பதாக, சொன்னார். தாள்களை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன்.

மார்ச் 6

நான் என்ன ஜெயில் வார்டனா? மூஞ்சி கழுவ சோப்பு முதல்கொண்டு பாத்துப் பாத்து வாங்கிவெச்சேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்து உக்காந்து முதுகு போச்சு. கேட்டா — தெரியலையாம். அத்தனை பேர் முன்னால. நான் இல்லேன்னா இந்நேரம் எங்க கிடந்திருப்பான்? சொல்லட்டுமே. சொல்லட்டும்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை பார்த்திருக்கிறானாம். தனியாக இருந்து பார்க்கப்போகிறானாம். போகட்டும்.

மார்ச் 8

போக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழுதேன்கூட. விழுந்துட்டா என்னடா பண்ணுவே என்று கேட்டேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. எழுந்திருப்பேன்க்கா, ஆனா நீ பிடிச்சுக்கிட்டே இருந்தா எனக்கு விழத் தெரியுமா நிக்கத் தெரியுமான்னு தெரியாதில்ல என்றான். எங்கே கற்றுக்கொண்டான் இப்படிப் பேச?

மார்ச் 15

போய்விட்டான். ஒரு பெட்டி, ஒரு கருவிப்பை, ஒரு மின்விசிறி. என் தலையணைகளில் ஒன்றை நானே கட்டிக்கொடுத்தேன். அவன் அறை இருக்கும் தெருவின் முனையில் மதுக்கடை இருக்கிறது. போகும்போதே பார்த்துவிட்டேன். அவன் நான் பார்ப்பதைப் பார்த்தான்.

மார்ச் 16

காலையில் ஒரு போன். மதியம் ஒரு போன். மாலையில் இரண்டு. குரல் குழறுகிறதா என்று கேட்பதற்காக, பேச்சை இழுத்து இழுத்து, கடினமான சொற்களாகச் சொல்லவைத்தேன். லிஃப்ட்டின் பாகங்களை எல்லாம் வரிசையாகச் சொன்னான் பாவம்.

மார்ச் 22

முன்னறிவிப்பில்லாமல் போனேன். அறையில் இல்லை. பக்கத்து அறைக்காரர் வெளியே போனார் என்றார். தெருமுனைக் கடை வாசலில் போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்காரர் என்னிடம், உங்களுக்கு என்ன வேணும் மேடம் என்று கேட்டார். கேட்டுக்கொண்டிருக்கும்போதே தம்பி எதிர்ச்சாரியில் காய்கறிப் பையோடு நடந்து வந்தான். மதுக்கடை வாசலில் என்னைப் பார்த்தான். எத்தனை நாளா இந்தப் பழக்கம் என்று கேட்டான்.

எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அவன் அறையில் சமைத்துப் போட்டான். உப்பு அதிகம். அதைச் சொல்லாமல் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 2

ஒரே ஒரு சொல்லுக்காக அச்சு நின்றிருக்கிறது. அறக்கட்டளை நெருக்குகிறது. விதியைத் தளர்த்தலாமே என்று நூலகர் கேட்டதற்குக் கமா சார் கோபப்பட்டதை இன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். தம்பிக்குப் போன் போட்டுத் தெரிந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்ல சார், ஆனா நேத்து ஒரு தடவை ஆசை ரொம்பக் கிட்ட வந்துச்சு, பக்கத்து அறைக்காரர்கிட்ட பேசிக்கிட்டே இருந்தேன், போயிடுச்சு என்றானாம்.

இதைக் கமா சார் எல்லோர் முன்னாலும் சொன்னார். என்னிடம் அவன் சொல்லவில்லை. என்னிடம் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே ஆட்டோ பிடித்திருப்பேன் என்று அவனுக்குத் தெரியும்.

ஏப்ரல் 9

அகராதி அச்சுக்குப் போய்விட்டது. அந்தச் சொல்லுக்கு எதிரே பொருளும் பிறப்பும் போட்டுவிட்டு, 'சாட்சி விசாரணையில் உள்ளது' என்று அச்சாகும். உலகத்தில் வேறு எந்த அகராதியிலும் இப்படி ஒரு வரி இருக்காது. கமா சார் அதற்கு நடுவில் ஒரு கமா போடப் பார்த்தார். மெய்ப்பு அம்மாள் விடவில்லை.

ஏப்ரல் 28

நூலகருடைய காதல் பகுதியில் பிழைகள் ஏராளம். சாட்சியாக அவரையே அவர் எழுதிக்கொண்டிருக்கிறார். இரண்டாம் பதிப்புக்கு நான் திருத்த வேண்டுமாம். நாள் முழுக்க அதிலேயே போயிற்று.

ஏப்ரல் 30

இன்று மாலை தம்பி போன் செய்தான். உடம்பு சரியில்லையா என்று எடுத்ததும் கேட்டான். நன்றாகத்தானே இருக்கிறேன் என்றேன். இல்ல, நேத்தும் நீ போன் பண்ணல, முந்தாநேத்தும் பண்ணல, அதான் பயந்துட்டேன் என்றான்.

மறந்தே போயிருந்தேன். அவனிடம் அப்படிச் சொல்ல ஒரு மாதிரி இருந்தது. வேலை அதிகம்டா என்றேன்.